பல்லக்கிடம் கேட்ட விடுப்பு

மலைக்குக் கிழக்கே, மழைக்கு மேற்கே ஏழூர் நாடு என்றொரு நாடு இருந்தது. ஏழு ஊர்கள், ஒரு கோட்டை, ஒரு மகாராஜா, ஒரு கல்வெட்டு. இந்த நான்கில் கல்வெட்டுதான் மூத்தது. கோட்டை வாசலில் ஆளுயரக் கருங்கல்லில், ‘ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஓய்வான். அது போக, ஆண்டில் பன்னிரண்டு நாள் வேலைக்கு வாராமலே கூலி பெறுவான். கேட்பது குடிகளின் உரிமை. கொடுப்பது மன்னன் கடமை’ என்று வெட்டியிருந்தது. எந்த மன்னரும் அதை அழிக்கவில்லை. அழிக்க வேண்டிய தேவை எந்த மன்னருக்கும் வந்ததில்லை.

ஏழூரில் மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கோட்டை மைதானத்தில் கூடிக் கையைத் தூக்குவார்கள். நிற்பவருக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட விடுப்பு எடுத்திருக்கக் கூடாது. இப்போதிருந்த மகாராஜா மூன்று முறை வென்றவர். எதிர்த்து நிற்க வந்தவர்கள் எல்லோரும் என்றோ ஒருநாள் காய்ச்சலுக்காவது படுத்தவர்களாக இருந்தார்கள். இது எப்படியோ கடைசி நேரத்தில் அரண்மனைக்குத் தெரிந்துவிடும்.

மகாராஜா நாளுக்கு ஓர் ஊராக, வாரம் முழுவதும் பல்லக்கில் போய் மக்களைப் பார்த்துவந்தார். பல்லக்கை எட்டுப் பேர் சுமந்தார்கள். அரண்மனைக்கு வெளியே அது தரையில் படக்கூடாது. பட்டால் ஆட்சி கவிழும் என்று சாத்திரம். முன்பக்க வலது தண்டைச் சுமப்பவர் முதல்வர். அவர் நடந்தால் மற்ற ஏழு பேரும் நடப்பார்கள், அவர் நின்றால் நிற்பார்கள்.

அந்த முன்வலத் தண்டு ஆதிமூலத்தின் தோளில் இருந்தது. அதற்கு முன் அவருடைய தகப்பனார் தோளிலும், அதற்கு முன் பாட்டனார் தோளிலும் இருந்தது. ஆதிமூலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தண்டைச் சுமக்காத நேரத்திலும் தண்டைச் சுமப்பவரைப் போலவே முதுகை நிமிர்த்தி நடப்பார். கோவிலில்கூடத் தலையை மட்டும்தான் குனிவார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, விடுப்பு எடுப்பதில்லை. மற்றொன்று, தோளுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியக் கூடாது. பல்லக்குக்குள் இருப்பவர் எவ்வளவு உண்டார், எங்கே அழுதார், எந்தத் தெரு வந்ததும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார் என்பதெல்லாம் சுமப்பவன் தோளுக்குத் தெரிந்துவிடும். அதை வெளியே சொல்பவன் சுமக்கப் பிறந்தவன் அல்ல என்பது ஆதிமூலத்தின் கட்சி.

முன்பு பல்லக்குக்குப் பதினாறு பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் சுமக்க, எட்டுப் பேர் வீட்டில் ஓய்ந்திருப்பார்கள். சிக்கனத்தை முன்னிட்டு, ஒருநாள் வீட்டிலிருந்த எட்டுப் பேரையும் அரசு நீக்கிவிட்டது. “வேலை செய்யாமல் இருந்தவர்களைத்தானே நீக்கினோம்” என்று அமைச்சர் விளக்கம் தந்தார். அதிலிருந்து மற்ற எட்டுப் பேருக்கும் வார ஓய்வு ஏட்டில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அந்த அமைச்சர் பேரின்பநாயகர், ஓய்வுத் துறைக்குப் பொறுப்பானவர். ஏழூரில் ஓய்வுக்கென்று ஒரு துறை வந்ததே அவர் காலத்தில்தான். பதவி ஏற்றதும் அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். மக்கள் ஓய்வு நாளில் மேற்பார்வை எதுவும் இல்லாமல் ஓய்ந்துகொண்டிருந்தார்கள். குயவர் படுத்துக் கிடந்தார். தறிக்காரர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். ஒருவர் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அமைச்சருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ‘எந்த ஊருக்கு மகாராஜா எந்த நாளில் வருகிறாரோ, அந்த நாளே அந்த ஊருக்கு ஓய்வு நாள்’ என்று முதல் ஆணை பிறந்தது. அன்று விடியுமுன் குளித்து, தெருவின் இரு பக்கமும் வாழைமரம் பிடித்து நிற்க வேண்டும். பல்லக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஊரில் ஒருவரும் வேலை செய்யவில்லை என்பதை மகாராஜா நேரில் கண்டு மகிழ்ந்தார்.

சில வாரங்களில், மக்கள் கொட்டாவி விடுவதாக அறிக்கை வந்தது. “ஓய்வு நாளில் கொட்டாவி விடுவது ஓய்வையே அவமதிப்பது” என்றார் அமைச்சர். எனவே ஓய்வு நாளுக்கு முந்தைய மாலை, வேலை முடிந்த பிறகு, சந்தைத் திடலில் எல்லோருக்கும் முகமலர்ச்சிப் பயிற்சி தரப்பட்டது. ஒருவர் ஜால்ரா தட்டுவார். தட்டுக்கு ஒருமுறை சிரிக்க வேண்டும். சரியாக மலராத முகங்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கெல்லாம் சிகரமாக வந்தது சித்திரை மாதத்து ஆணை. மகாராஜா தம் பிறந்தநாள் உரையில், “எனக்கென்று ஒருநாள் ஓய்வு நான் அறிந்ததில்லை” என்று தழுதழுத்தார். அதைக் கேட்டு மக்கள் உருகியதாக மறுநாள் அரசிதழில் வந்தது. உருகிய மக்கள் தங்கள் விடுப்பையெல்லாம் மகாராஜாவுக்குக் கொடையாகத் தர விரும்புவதாக அதற்கு மறுநாள் வந்தது. மூன்றாம் நாள் அதிகாரிகள் ஏடும் எழுத்தாணியுமாக வீடு வீடாக வந்தார்கள். ஆணையின் ஏழாம் பிரிவு, ‘கேட்கும்போது இல்லை என்று சொல்லாமல் மௌனமாக இருப்பவர் சம்மதித்தவரே ஆவார்’ என்றது. வாள் பிடித்த காவலர் இருவரும் கூடவே வந்ததால் ஏழூரில் பெரும்பாலோர் மௌனமாகவே இருந்தார்கள்.

ஆதிமூலம் மட்டும் மௌனமாக இருக்கவில்லை. அதிகாரிகள் தன் வீட்டைத் தேடி வரும்வரை காத்திருப்பது குடும்பத்துக்கு அழகல்ல என்று வெள்ளை வேட்டி உடுத்தித் தானே கோட்டைக்குப் போனார். முப்பது ஆண்டு வார ஓய்வும் ஆண்டு விடுப்பும் சேர்ந்து அவர் பெயரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது நாட்கள் இருந்தன. அத்தனையையும் ஒரே கையெழுத்தில் கொடுத்தார். இனி வரும் வார ஓய்வையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அமைச்சர் அவருக்கு ஒரு மாலை போட்டார்.

பின்னிடத் தண்டு சுமக்கும் மாசானம் அன்று திரும்பும் வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

“அண்ணாச்சி, ஒரு பத்து நாளாவது மிச்சம் வச்சிருக்கலாம்லா.”

“எதுக்குடே? எங்க வம்சத்துல எவன் லீவு போட்டான்?”

“போட வேண்டாம். வச்சுக்கிடலாம்லா. எங்க வீட்ல குடைகூடத்தான் இருக்கு. இந்த ஊர்ல மழையா பெய்யுது?”

“உனக்குத் தோளு எட்டு விரக்கடை, நாக்கு ஒம்பது விரக்கடை” என்றார் ஆதிமூலம். ஆனால் மாலையைக் கழற்றவில்லை.

கொடையாக வந்த விடுப்பு முழுவதும் மகாராஜாவைப் போய்ச் சேரவில்லை. ஓய்வுத் துறை வழியாகப் போனதில் வழியிலேயே பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. அந்தக் கோடையில் துறையின் மேலதிகாரிகள் எல்லோரும் நன்றாகச் சதை போட்டிருந்தார்கள். மகாராஜாவுக்கென்று மிஞ்சியது மூன்றாண்டு விடுப்பு.

மக்களுக்கு இப்போது ஓய்வு நாளே இல்லை. ஆனால் மகாராஜா வரும் நாள் இருந்தது. ஆகவே நான்காவது ஆணையின்படி, அவரவர் வேலையைத் தெருவோரத்துக்குக் கொண்டுவந்து செய்துகொண்டே வாழ்த்த வேண்டும் என்று ஆயிற்று. குயவர் சக்கரத்தைச் சுற்றியபடி வாழ்த்தினார். நாவிதர் சவரக் கத்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கி வாழ்த்தியபோது, கீழே உட்கார்ந்திருந்தவர் தானும் வாழ்த்துவதா வேண்டாமா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் பல்லக்குக்குத் திரை வந்தது. மகாராஜாவின் முகஒளி பட்டு மக்களின் கண் கூசுவதால் திரை என்று அரசிதழ் சொன்னது. அன்று காலை தண்டைத் தோளில் ஏற்றியதும் ஆதிமூலத்தின் கால் ஒரு கணம் தயங்கியது. இத்தனை ஆண்டாகப் பழகிய பாரம் தோளில் இல்லை. பல்லக்கின் மரமும் மெத்தையும் இருந்தன. மற்றது இல்லை.

பின்னாலிருந்து மாசானம் மெதுவாகக் கேட்டான். “அண்ணாச்சி, காத்து கொஞ்சம் தூக்குதோ?”

“நட” என்றார் ஆதிமூலம்.

எட்டுப் பேரும் நடந்தார்கள். எட்டுத் தோளுக்கும் தெரிந்தது. எட்டு வாயும் மூடியிருந்தன. மலையில் தேன் எடுக்கப் போன ஒருவன், மேலே வேட்டை மாளிகைத் தோட்டத்து ஊஞ்சலில் காசில் இருக்கும் மூக்கைப் பார்த்ததாகச் சந்தையில் சொன்னான். அவனிடம், தேனீ கொட்டினால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார் ஆதிமூலம்.

ஆடி முடிகிற வாரம், நடுவூரிலிருந்து அவர் தங்கை சங்கரவடிவு வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். அவள் மூத்த மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது.

“யண்ணே, ஆவணி பன்னெண்டு. ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். முந்தின நாளே வந்துரு. உன் தோளை நம்பித்தான் புள்ளைக்குக் கனமா சேலை எடுத்திருக்கேன்.”

அவர்கள் வகையறாவில் மணப்பெண் வீட்டு வாசலிலிருந்து மணவறைவரை தரையில் கால் வைப்பதில்லை. தாய்மாமன் தோளில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணத்தில் மாமன் வராமல் பெண் நடந்து போய்விட்டாள். அவளுடைய பேரன்களை இன்றைக்கும் ‘நடந்தவ பேரன்’ என்றுதான் ஊரில் அடையாளம் சொல்வார்கள்.

ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்துச் சங்கரவடிவுக்குச் சந்தேகம் வந்தது.

“என்னண்ணே, வாய் தொறக்க மாட்டேங்க. ஒருநாள் லீவு கேட்டா தரமாட்டாகளா? முப்பது வருசமா நீ ஒண்ணும் எடுக்கலயே. மலை மாதிரி கெடக்குமே.”

“கெடந்துது.”

“கெடந்துதுன்னா?”

அவர் சொன்னார். சங்கரவடிவு தட்டைக் கீழே வைத்தாள். அவள் அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை.

“மகாராஜாவுக்கு மாலை போட்டுக்கிட்டுக் குடுத்திருக்க. நல்லது. எம் பொண்ணு நடந்து போவா. எட்டு ஊரு பாரத்தைச் சொமந்த மாமன், ஒரு பொட்டப்புள்ளயச் சொமக்க வரலன்னு சொல்லட்டும்.”

“ஏழு ஊருதான்” என்றார் ஆதிமூலம்.

“உன் பவுசுக்கு ஒண்ணு கூட்டிச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆதிமூலம் விடுப்பு அலுவலகத்தில் நின்றார். வாழ்நாளில் முதல்முறை. அங்கே தாண்டவமூர்த்தி என்ற அதிகாரி ஏடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கரு வளையம். விடுப்பு அலுவலகத்துக்கு விடுப்பு கிடையாது என்பதால் ஒன்பது ஆண்டாக அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தது குறைவு.

“எத்தனை நாள்?” என்றார் அதிகாரி.

“ஒரு நாள். அதுவும் முழுசா வேண்டாம். பல்லக்கு நடுவூருக்குப் போற நாள்தான். ஒரு நாழிகை போதும்.”

“காரணம்?”

“தங்கச்சி மக கல்யாணம். தாய்மாமன் நான்.”

தாண்டவமூர்த்தி ஓர் ஏட்டைத் திறந்து, அவர் பார்த்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு படித்தார். “இந்தக் காரணம் பட்டியலில் இல்லை.”

“பட்டியல்ல என்னென்ன இருக்கு?”

“அது அரச இரகசியம். வெளியே தெரிந்தால் மக்கள் அந்தக் காரணங்களையே சொல்லிவிடுவார்கள் அல்லவா? மேலும் உங்கள் பெயரில் விடுப்பே இல்லை. இல்லாத விடுப்புக்கு நீங்கள் சரியான காரணம் சொன்னாலும், அது வீண்தான்.” சற்று யோசித்து, இரக்கத்தோடு, “நீங்கள் முதல் ஆளாக வந்து கொடுத்தீர்கள். நான்தான் எழுதினேன். மாலை நன்றாக இருந்தது” என்றார்.

ஆதிமூலம் அமைச்சரிடம் போனார். பேரின்பநாயகர் அவரை உட்காரச் சொன்னார். ஆதிமூலம் உட்காரவில்லை.

“கொடுத்த கொடையைத் திரும்பக் கேட்பது உம் குலத்துக்கு அழகா, ஆதிமூலம்?”

“அழகில்ல. அதான் கூசிக்கிட்டுக் கேக்கேன்.”

“கொடையைத் திருப்பித்தர மகாராஜா ஒருவரால்தான் இயலும். அவரோ ஒரு கணமும் ஓய்வதில்லை. உம்மைக் காண அவருக்கு ஏது நேரம்?”

“தெனமும் கூடவேதான வாரேன். வழியில ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

அமைச்சர் மேசைமேல் இருந்த எழுத்தாணியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். “மகாராஜா திரைக்குள் ஆழ்ந்த சிந்தனையில் இருப்பார். சிந்தனையைக் கலைப்பது இராஜத் துரோகம்.”

ஆதிமூலத்தின் நுனி நாக்குவரை ஒரு சொல் வந்தது. பாட்டனாரை நினைத்து அதை விழுங்கினார். கும்பிட்டுவிட்டு, முதுகு வளையாமல் வெளியே வந்தார்.

ஆவணி பன்னிரண்டு அன்று காலை பல்லக்கு நடுவூர் எல்லைக்குள் நுழைந்தது. அமைச்சர் மட்டக்குதிரையில் பக்கத்தில் வந்தார். வாழ்த்துகளைக் குறித்துக்கொள்ளத் தாண்டவமூர்த்தியும் ஏட்டோடு நடந்துவந்தார். தெருவோரம் தறிகள் ஓடின, சக்கரங்கள் சுற்றின, மாவு இடித்தவர்கள் உலக்கைக்கு ஒரு வாழ்த்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தல் அதே பெருந்தெருவில்தான் இருந்தது. பந்தலுக்கு எதிரே தங்கை வீட்டு வாசல்.

வாசற்படியில் செண்பகவடிவு நின்றாள். கனமான சேலை. பக்கத்தில் சங்கரவடிவு. பந்தலுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பத்து தாண்டியாச்சு. மாமன் வரலன்னா பொண்ண நடக்கச் சொல்லுங்க” என்று ஒரு குரல் கேட்டது. செண்பகவடிவு குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அந்தக் கால் படியிலிருந்து எழும்பியது.

ஆதிமூலம் நின்றார். அவர் நின்றதால் ஏழு பேரும் நின்றார்கள். பல்லக்கு நின்றது. தெருவில் தறிகள்கூட நின்றன.

“ஏன் நிற்கிறீர்?” என்றார் அமைச்சர்.

“மகாராஜாட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.” ஆதிமூலம் தலையைத் திருப்பாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “மகாராஜா, பின்னால திரும்பிப் பேச முடியாது, மன்னிக்கணும். எந் தங்கச்சி மகளை மணவறைக்குத் தூக்கிட்டுப் போகணும். ஒரு நாழிகை லீவு வேணும். கூடாதுன்னு ஒரு சொல் சொல்லுங்க, நான் நடந்துருதேன்.”

திரை அசையவில்லை.

“மகாராஜா...” என்று தொடங்கிய அமைச்சர், அடுத்த சொல்லைத் தேடினார். உறங்குகிறார் என்று சொல்ல முடியாது. மகாராஜா பகலில் உறங்கியதாக அரசிதழில் ஒருநாளும் வந்ததில்லை. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் காதுக்கு எட்டாத குறையே நாட்டில் இல்லை என்று அதே அரசிதழில் வாரம் ஒருமுறை வந்தது. “மகாராஜா சிந்திக்கிறார்” என்று முடித்தார்.

“சிந்திக்கட்டும். நான் நிக்கேன். அவசரம் எனக்கில்ல, முகூர்த்தத்துக்குத்தான்.”

தெரு காத்திருந்தது. திரைக்குள்ளிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. ஆதிமூலம் தாண்டவமூர்த்தியைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க ஏடு வச்சிருக்கவரு. அந்தச் சித்திரை ஆணை, ஏழாம் பிரிவு. கேக்கும்போது இல்லன்னு சொல்லாதவுகளை என்னன்னு எழுதினீங்க?”

தாண்டவமூர்த்தி அமைச்சரைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார். ஒன்பது ஆண்டாக விதியைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். “சம்மதித்தவரே ஆவார் என்று” என்றார்.

“இந்த ஆணை மகாராஜாவுக்குப் பொருந்தாது” என்றார் அமைச்சர்.

“மகாராஜா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது மூன்றாம் பிரிவு” என்றார் தாண்டவமூர்த்தி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

ஆதிமூலம் தண்டிலிருந்து தோளை எடுத்தார். நடுத்தெருவில் அப்படிச் செய்தது முப்பது ஆண்டில் முதல்முறை. திரையைப் பார்த்து முறைப்படி கும்பிட்டார். தெருவைக் கடந்து வாசலுக்குப் போய், செண்பகவடிவை வலது தோளில் ஏற்றினார். இரண்டு அடி வைத்ததும் கால் ஆடியது. இரண்டு மாதம் லேசான பாரம் சுமந்த தோள், பழக்கம் விட்டிருந்தது.

“மாமா, எறங்கிக்கிடவா?” என்றாள் அவள் காதோரம்.

“வாயை மூடு, ஏட்டி. எறங்கின, ஏழு தலைமுறைக்கு உன் பேரு மாறிரும்.”

“அண்ணாச்சி” என்று பல்லக்குப் பக்கமிருந்து மாசானம் குரல் கொடுத்தான். “எம்புட்டுப் பெரிய மகாராஜாவை ஆடாமச் சொமக்கீரு. ஒரு பொட்டப்புள்ளைக்கு இப்படி ஆடுதீரே.”

தெரு முழுவதும் சிரித்தது. யாரும் ஜால்ரா தட்டவில்லை. பிறகு சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. குயவர் பல்லக்கைப் பார்த்தார். நாவிதர் பார்த்தார். முன்வலத் தண்டுக்குக் கீழே தோள் இல்லை. ஆனாலும் பல்லக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழூர் மக்கள் மௌனத்தில் நல்ல பயிற்சி பெற்றவர்கள்.

ஆதிமூலம் மணவறையில் பெண்ணை இறக்கினார். முகூர்த்தம் தவறவில்லை. சங்கரவடிவு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய தோளில் கசங்கிய துண்டைச் சரிசெய்தாள்.

வெளியே பல்லக்குச் சுமந்தவர்களில் இரண்டாவது ஆள் திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தான். “மகாராஜா, எனக்கு முதுகுவலி. இன்னைக்கு ஒருநாள்.” மௌனம். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்றாமவனுக்கு, பிறந்து எட்டு மாதமான மகன் விழித்திருக்கும்போது பார்க்க ஆசை. நான்காமவன் காரணமே சொல்லவில்லை. ஓய்வு நாள் என்றால் காரணம் எதற்கு என்றான். மகாராஜா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் போய், கடைசியில் பின்னால் மாசானமும் முன்னால் ஒருவனும் நின்றார்கள். இருவருமே ஒரு கையால் வியர்வையைத் துடைக்க முடிந்தது.

“அமைச்சரய்யா, கொஞ்சம் எறங்கி வாங்க” என்றான் மாசானம். “தரையில பட்டா ஆட்சி கவுந்துருமாம். இதைக் கொஞ்சம் பிடிங்க. நானும் பந்தியில உக்காரணும்.”

பேரின்பநாயகர் குதிரையிலிருந்து குதித்த வேகத்தை நடுவூர் அதற்கு முன் எந்த அதிகாரியிடமும் கண்டதில்லை. முன்பக்கத்தை அவர் தாங்கினார். பின்பக்கம் தாண்டவமூர்த்தியின் தோளுக்கு வந்தது. இருவருமாக, எட்டுப் பேர் சுமக்கும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு, ஊர் முழுவதும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட, தலைநகரை நோக்கி நடந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து, “மகாராஜா, எனக்கும் ஒன்பது வருடமாக...” என்று ஒரு குரல் எழுந்தது.

“ஓய், வாயை மூடும்” என்றார் அமைச்சர்.

மறுநாள் அரசிதழ், மக்களுக்காக உண்ணாமல் உறங்காமல் உழைத்து மகாராஜா உடல் இளைத்து இலேசாகிவிட்டார் என்றது. அவர்மீது கொண்ட பக்தியால் அமைச்சரே தோள் கொடுத்தார் என்றும் எழுதியது. மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு வாரம் ஒருமுறை, அவரவர் ஊருக்குப் பல்லக்கு வரும்போது, வரிசையில் நின்று திரையிடம் ஓய்வு கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். வாழைமரம் பிடிப்பது நின்றது. தறிகள் வீட்டுக்குள் போயின. குயவர் மறுபடியும் படுத்துக் கிடந்தார். பல்லக்குச் சுமப்போரும் வாரம் ஒருநாள் எடுத்துக்கொண்டார்கள். நடுவூர் முறை வரும் நாளில் மட்டும் பல்லக்கை அமைச்சரும் அதிகாரியும் சுமப்பது வழக்கமாயிற்று. பாரம் ஒன்றும் பெரிதில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தலில் மகாராஜாவுக்கு முன் எப்போதும் இல்லாத அளவுக்குக் கைகள் உயர்ந்தன. குடிகள் கேட்ட எதையும் மறுக்காத மன்னர் என்று பேசிக்கொண்டார்கள். திரை மட்டும் மேடைக்கு வந்து வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டது.

ஒரே ஒரு கவலைதான் ஏழூர் மக்களுக்கு இருந்தது. மகாராஜாவிடம் இருப்பது மூன்றாண்டு விடுப்பு. அதில் இரண்டு கழிந்துவிட்டது. மூன்றாவதும் முடிந்துவிட்டால் அவர் வேலைக்குத் திரும்பிவிடுவாரோ என்று சந்தையில் தாழ்ந்த குரலில் கணக்குப் போட்டார்கள். பிறகு யாரும் சொல்லாமலே, ஆணை எதுவும் இல்லாமலே, விடுப்பு அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாளில் ஆளுக்கு ஒருநாளை மகாராஜாவுக்கென்று மனமாரக் கொடுத்தார்கள். இந்த முறை துறை வழியாகத் தேயாமல் நேரே போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வரிசையில் ஆதிமூலத்தின் முறை வந்தது. தாண்டவமூர்த்தி எழுத்தாணியை எடுத்தார். அவர் கண்ணுக்குக் கீழே வளையம் சற்று வெளுத்திருந்தது.

“சென்ற முறை நீங்கள்தான் முதல். இந்த முறை எத்தனை நாள், ஐயா? எல்லாமா?”

“ஒண்ணு எழுதும்” என்றார் ஆதிமூலம், முதுகை நிமிர்த்திக்கொண்டு. “பாக்கிப் பதினொண்ணைத் தொடப்படாது. செண்பகவடிவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நான் போகணும்.”